மலைப்பட்டியும் வயற்கிடையும்

கால்நடை வளர்ப்பு இருவகைப்படும். தீவனத்தை மாடு நிற்குமிடத்திற்குக் கொண்டுவந்து போடுவது ஒன்று. தீவனம் உள்ள இடத்திற்கு மாட்டை நடத்திச் செல்வது மற்றொன்று. முன்னதற்குத் தொழுவமும் வைக்கோற்போரும் கைமுதலும் வேண்டும். பின்னதற்கு வேண்டுவன நடைபாதையும், மேய்ச்சற் பூமியும், இராத் தங்குவதற்கு ஒரு பட்டியும், மந்தையை விட்டகலாத மனிதருமே. மதுரையைச் சுற்றியுள்ள நன்செய் புன்செய் நிலங்கள் தலைமுறை தலைமுறையாக எருப்பெற்றது பெரும்பாலும் இவ்விரண்டாவது முறையினாலேயே. இம்முறை இன்று ஒவ்வோர் ஊரிலும் சுருங்கி வருவதால், அது எவ்வாறு நடைபெறுகிறது, அதனால் குடியானவருக்கு விளையும் பயன் யாது, அதனைக் காப்பதற்குக் கிராம அதிகாரிகள் செய்யத்தக்கது யாது என்பனவற்றை அறிந்து வைத்திருத்தல் அவசியமாகும்.

ஆல்ப்ஸ் மலையின் பால்மனை

பிற தேசத்தார் இதே தொழிலை எவ்வாறு போற்றுகிறார்கள் என்பதை முதலில் நோக்குவோம். ஐரோப்பாவின் நடுவிலுள்ள ஸ்விட்ஜர்லாந்து தேசத்தில், பள்ளத்தாக்குகளில் இருக்கும் சொற்ப நிலம் மாரிக்காலத்திற்கு வேண்டிய உலர்புல்லை விளைவிக்கவே போதுமானது. ஆகையால் மே, ஜூன் மாதங்களில் பனி கரைந்து மலைமேல் புல் துளிர்த்தவுடன், பசுக்களை மணி கட்டி மேலே ஓட்டிச் செல்வார்கள். செப்டம்பர் மாதத்தில் குளிர் தொடங்கியதும் பூச்சூட்டிக் கீழே இறக்குவார்கள். ‘ஆல்ப்’ என்னும் சொல்லே அந்நாட்டாருக்கு உயர்ந்த மேய்ச்சல் நிலத்தைக் குறிப்பதாகும்.

ஏறத்தாழ நூறு நாள் மந்தை மேலே தங்கும். அங்குள்ள கல்லாலும் மரத்தாலும் ஆகிய குடிலில் பாலேவலர் சிலர் தங்கி, காலையும் மாலையும் பால் கறப்பர். கறந்த பாலை நாள்தோறும் மலையினின்று இறக்குவது இயலாத காரியம். ஆதலின் அங்கேயே பெரிய செப்புக் கொப்பரையில் காய்ச்சி உறையவைத்துப் பாற்கட்டியாகச் செய்து அடுக்கிவிடுகிறார்கள். ஏறத்தாழப் பத்து லிட்டர் பால் ஒரு கிலோ பாற்கட்டியாகும். பத்துப்பங்குச் சுமை ஒருபங்காகக் குறைவதோடு மாதக்கணக்கில் கெடாமலும் இருக்கிறது. மலையேறி வரும் வழிநடையாளர் இக்குடில்களில் கட்டணம் செலுத்தி வைக்கோற் படுக்கையில் இராத் தங்குவதும், பாலும் பாற்கட்டியும் உண்பதும் உண்டு. இவ்வாறு வரும் சில்லறை வருமானமும் பாலேவலருக்குக் கைகொடுக்கிறது. மலைமேய்ச்சல் கைவிடப்பட்டால் புல்வெளி புதராகிவிடும் என்பதனை உணர்ந்த அத்தேச அரசாங்கம், கோடை மேய்ச்சலுக்கெனத் தனி உதவித்தொகையும் வழங்கி வருகிறது. 2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ ஸ்தாபனம் ஸ்விட்ஜர்லாந்தின் இம்மேய்ச்சற் பருவ வழக்கத்தை மானிட குலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலிற் சேர்த்தது.

நம் மலைகளிலுள்ள பட்டிகள்

இவ்வழக்கம் நமக்குப் புதியதன்று. நீலகிரியில் தோடர்கள் எருமை வளர்த்து, பாலைக் கடைந்து வெண்ணெயும் நெய்யும் ஆக்குவதற்கென்றே தனிப் பால்மனைகளை வைத்திருந்தனர். அம்மனைகள் அவர்களுக்குக் கோயில்களும் ஆகும். வறட்சி மாதங்களில் எருமைகளை ஈரம் மிகுந்த மேற்குப் பகுதிகளுக்கு ஓட்டிச் சென்று அங்குள்ள மந்துகளில் தங்குவதும் அவர் மரபு.

ஈரோடு ஜில்லா அந்தியூர்த் தாலுகாவிலுள்ள பர்கூர் மலையில், செம்மை நிறத்தில் வெள்ளைத் திட்டுகள் கொண்ட பர்கூர் மாடுகள் காட்டுப் பட்டிகளில் அடைக்கப்பட்டு வளர்க்கப்படுகின்றன. நடையிலும் உழவிலும் பெயர்பெற்ற இம்மாடுகள் ஆடி மாதத்தில் அந்தியூர்க் குருநாதசுவாமி கோயில் சந்தைக்கு வருவது வழக்கம். மதுரைக்கு மேற்கே, தேனி ஜில்லாவின் கம்பம் பள்ளத்தாக்கைச் சார்ந்த ஊர்களில் ‘மலைமாடு’ என வழங்கும் மந்தைகள் மேற்குத் தொடர்ச்சி மலைச்சரிவுகளில் மேய்ந்து வந்தவையே.

மலைப்பட்டி என்பது ஆடம்பரமான கட்டடமன்று. நீரோடைக்குச் சமீபமான மேட்டில், முள்ளாலும் கழியாலும் வளைத்த வேலி. கன்றுகளுக்குத் தனி அடைப்பு. மேய்ப்பருக்குப் புல் வேய்ந்த ஒரு குடிசை. சிறுத்தை முதலிய விலங்குகள் அண்டாதபடி இரவெல்லாம் எரியும் தீ. இவ்வளவுதான் அதன் அமைப்பு. ஆல்ப்ஸ் குடிலுக்கும் இதற்கும் உள்ள முக்கிய பேதம் பால் விஷயத்தில் உள்ளது. நம் மலைமாடுகள் கறவைக்கு வளர்க்கப்படுவன அல்ல. அவை சுரக்கும் சொற்பப் பாலும் பெரும்பாலும் கன்றுக்கே போய்விடும். ஆகவே இங்கே பாற்கட்டி இல்லை. மாறாகக் காளைக்கன்றுகளும், உழவு மாடுகளும், எருவுமே இத்தொழிலின் விளைபொருள்கள். அங்கே மலைப்புல் பாற்கட்டியாக மாறித் தோளில் ஏறி இறங்குகிறது. இங்கே அது மாட்டின் உடலாக மாறித் தன் காலாலேயே நடந்து சமவெளிக்கு வந்துவிடுகிறது.

மதுரைச் சமவெளியின் கிடைமாடு

மதுரை, சிவகங்கை, தேனி, விருதுநகர் முதலிய ஜில்லாக்களில் கிடைக்கென வளர்க்கப்படும் மாட்டினத்திற்குப் புலிக்குளம் மாடு என்பது பெயர். சிவகங்கை ஜில்லா மானாமதுரைப் பகுதியிலுள்ள புலிக்குளம் என்னும் ஊரால் வந்த பெயர் அது. கர்னாலிலுள்ள தேசிய விலங்கு மரபுவளப் பணியகம் இதனைத் தனி இனமாகப் பதிவு செய்துள்ளது. சிறிய கட்டான உடலும், சாம்பல் நிறமும், பின்னோக்கி வளைந்தெழும் கொம்பும், விரைந்த நடையும் உடையது. அலங்காநல்லூர், பாலமேடு, அவனியாபுரம் ஆகிய ஊர்களின் சல்லிக்கட்டு வாடிவாசல்களில் துள்ளிவரும் காளைகளிற் பல இவ்வினத்தைச் சேர்ந்தவை. 2014ஆம் ஆண்டு மே மாதத்தில் உச்சநீதிமன்றத் தீர்ப்பினால் அவ்விளையாட்டு நின்றது. 2017ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் மாநிலச் சட்டத்திருத்தத்தால் அது மீண்டும் தொடங்கியது. 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் உச்சநீதிமன்றம் அச்சட்டத்திருத்தம் செல்லுமெனத் தீர்ப்பளித்தது. ஆயினும் சல்லிக்கட்டுக் காளை வீட்டுவாசலில் தானாகத் தோன்றுவதில்லை. அதனை ஈன்ற பசு ஏதோ ஒரு கிடையில் வெயிலிலும் மழையிலும் மேய்ந்து திரிவது. கிடை அழியின் காளையும் அழியும்.

கிடையின் வருஷக் கணக்கு பாசனக் கணக்கோடு பிணைந்தது. 1895ஆம் ஆண்டில் பெரியாறு அணை முடிந்தபின், வைகை வழியாக மதுரைச் சமவெளிக்கு நீர் வரலாயிற்று. 1959ஆம் ஆண்டில் வைகை அணை திறக்கப்பட்டது. பெரியாறு பிரதானக் கால்வாயில் இருபோகப் பாசனம் 45,041 ஏக்கர். ஒருபோகப் பாசனம் 1,05,002 ஏக்கர். நீர் இருப்பிற்கேற்ப, முன்னதற்கு ஜூன் மாதத்திலும் பின்னதற்குச் செப்டம்பர் மாதத்திலும் தண்ணீர் விடுவது முறை. ஒருபோக நிலத்தில் தைக்குப்பின் அறுவடை முடிந்தால், ஆவணி வரையில் வயல் வெறுமையாகக் கிடக்கும். அம்மாதங்களே கிடைக்காரருக்கு நல்ல பருவம். பகலெல்லாம் தாளடியிலும், கண்மாய் உட்பரப்பிலும், தரிசிலும், புறம்போக்கிலும் மேய்ந்த மந்தை, மாலையில் பேசிமுடித்த குடியானவரின் வயலில் வந்து அடையும். நீர் வந்து நடவு தொடங்கியதும் சமவெளியில் மாடு நிற்க இடமிராது. அப்பொழுது மந்தைகள் மேட்டுப் புன்செய்களையும், தரிசுகளையும், மலையடிவாரங்களையும் நாடிச் செல்லும். மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய் வழியாகத் தேனி சுமார் 75 கிலோமீட்டர். நாளொன்றுக்கு 15 கிலோமீட்டர் நடக்கும் மந்தைக்கு அது ஐந்து நாள் வழி.

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகும். மலையடிவாரப் புல் நேரடியாக மதுரை வயலுக்கு எருவாக வருவதில்லை. பயிர்க்காலத்தில் மந்தையை உயிரோடு காத்து நிற்பதே அதன் பயன். வயலுக்கு வரும் சத்து, அந்தந்த நாளில் ஊரைச் சுற்றியுள்ள பொதுநிலத்தில் மேய்ந்த புல்லிலிருந்து வருவது. ஆதலின் அடிவார மேய்ச்சல், ஊர்ப் பொதுமேய்ச்சல் ஆகிய இரண்டும் வேண்டும். இரண்டில் எது குறையினும் கிடை நிலைக்காது.

எருவின் கணக்கு

கிடை வைப்பதனால் பெறும் எருவின் மதிப்பைக் குடியானவர் தாமே கணக்கிடலாம். ஒரு மாடு ஓரிரவில் நான்கு கிலோ சாணமும் இரண்டு லிட்டர் மூத்திரமும் விடுவதாக வைத்துக்கொள்வோம். இருநூறு மாடுள்ள கிடையை ஓர் ஏக்கரில் ஐந்து இரவு இடம் மாற்றி மாற்றி அடைத்தால், சாணம் 4,000 கிலோவும் மூத்திரம் 2,000 லிட்டரும் நிலத்தில் சேரும். வேளாண் நூல்களில் தரப்படும் சராசரிப்படி பசுஞ்சாணத்தில் நூற்றுக்கு 0.4 பங்கும், மாட்டு மூத்திரத்தில் நூற்றுக்கு 1 பங்கும் தழைச்சத்து உண்டு. அவ்வாறாயின் சாணத்தால் 16 கிலோவும் மூத்திரத்தால் 20 கிலோவும், ஆக 36 கிலோ தழைச்சத்து சேர்கிறது. இது ஏறத்தாழ 78 கிலோ யூரியாவில் உள்ள தழைச்சத்துக்குச் சமம். இதில் ஒரு பாகம் காற்றில் ஆவியாகிப் போகும். சாணத்திலுள்ளது மெல்ல மெல்லவே பயிருக்குக் கிட்டும். பாதியே கிட்டுமென்று வைத்தாலும் 39 கிலோ யூரியா மிச்சமாகும். இதற்கு மேல், யூரியாவில் இல்லாத மணிச்சத்தும், சாம்பற்சத்தும், மண்ணைப் பொலபொலப்பாக்கும் மக்கும் கிட்டுகின்றன.

இக்கணக்கில் கவனிக்கத்தக்கது யாதெனில், சாணத்தைக் காட்டிலும் மூத்திரத்தால் வரும் தழைச்சத்தே அதிகம். தொழுவத்தில் கட்டிய மாட்டின் மூத்திரம் பெரும்பாலும் தரையில் ஊறி வீணாகிறது. குப்பைக்குழி எருவில் இந்நஷ்டம் பெரும்பாலும் நேர்வது. கிடையிலோ அது பயிர் நிற்கப்போகும் மண்ணிலேயே நேராக இறங்குகிறது. வண்டிக்கூலியும் இறைப்புக்கூலியும் இல்லை.

ஆட்டுக்கிடைக்கும் இதே நியாயம் பொருந்தும். ஆட்டுப்புழுக்கையில் நூற்றுக்கு 0.65 பங்கும், ஆட்டு மூத்திரத்தில் 1.7 பங்கும் தழைச்சத்து இருப்பதாகக் கணக்கு. ஆகையால் எடைக்கு எடை ஆட்டெரு உயர்ந்தது.

கிடையில் இராத் தங்குவோர் கவனிக்க வேண்டியவை

கிடை பேசும் குடியானவர் ஓரிரவேனும் கிடையோடு தங்கிப் பார்ப்பது நன்று. ஊரார் பிள்ளைகளும், வேளாண்மை கற்கும் மாணாக்கரும் அவ்வாறு தங்குவதால் நூலில் இல்லாத பல விஷயங்களை அறியலாம். மந்தை வயலுக்கு வருமுன், வெளிச்சம் இருக்கும்போதே அங்குச் சென்றுவிட வேண்டும். இருட்டியபின் பிரகாசமான விளக்கோடும் கூச்சலோடும் அணுகினால் மாடுகள் மிரண்டு அடுத்த வயற் பயிரில் பாயும். வீட்டு நாயை உடன் கொண்டுபோகலாகாது. அடைந்து படுத்த மந்தையின் நடுவே மேய்ப்பரையன்றி அயலார் நுழைதல் தவறு. கன்று ஈன்ற பசு எவரையும் முட்டும். கிடைக்காரர் உறங்குமிடம் வரப்பின்மேல் விரித்த ஒரு சாக்கோ கயிற்றுக்கட்டிலோதான். தங்கச் செல்பவர் போர்வையும், குடிநீரும், தம் உணவும் கொண்டுசெல்ல வேண்டுமேயன்றி, அவர் கஞ்சியில் பங்கு கேட்பது முறையாகாது. கிடைக்கூலியாகப் பணமோ நெல்லோ தருவதோடு, மேய்ப்பருக்கு இரவு உணவளிப்பதும் நிலக்காரருக்கு அழகு.

தங்குபவர் பார்க்க வேண்டியன சில உள. முதலாவது, தலை எண்ணிக்கை. கன்றும் பசுவும் வேறாக எண்ணப்பட வேண்டும். இரண்டாவது, நேற்றடைந்த இடத்தை ஒட்டி இன்று அடைகிறதா என்பது. நடுவில் இடைவெளி விட்டால் பயிர் திட்டுத்திட்டாக எழும். ஒரே இடத்தில் பல இரவு அடைத்தால் நெற்பயிர் தழைத்துச் சாய்ந்துவிடும். மூன்றாவது, வாயில் நுரை, நொண்டல், கழிச்சல் முதலியன உள்ள மாடு உண்டா என்பது. கோமாரி, சப்பைநோய், அடைப்பான், தொண்டையடைப்பான் ஆகியவற்றிற்குத் தடுப்பூசி உண்டு. 2019ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம் தொடங்கிய திட்டத்தின் கீழ்க் கோமாரிக்குத் தடுப்பூசி இலவசமாகப் போடப்படுகிறது. காதில் 12 இலக்கத் தகடுள்ள மாட்டின் விவரத்தைக் கால்நடை மருத்துவர் உடனே அறியலாம். நான்காவது, மந்தை எங்கிருந்து வந்தது என்பது. சீமைக்கருவேலங்காய் தின்ற ஆடுமாடுகளின் சாணத்தில் அவ்விதை சாகாமல் வெளிவந்து முளைக்கும். அவ்வாறான மந்தையைத் தோட்டக்காலில் அடைத்தால், முளைத்த கன்றுகளை வேர் இறங்குமுன் பறித்தெறிய ஆள்விட வேண்டியிருக்கும்.

கிடை பெயர்ந்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ, மண்ணில் ஈரமிருப்பின் மேலாக ஓர் உழவு ஓட்டிவிட வேண்டும். வெயிலில் காய விட்டால் மூத்திரத்தின் சத்து ஆவியாகிப் போகும். கிடைக்கூலி கொடுத்தும் உழாமல் விடுபவர், வாங்கிய எருவில் ஒரு பாகத்தைக் காற்றுக்குத் தானம் செய்தவராவார்.

மலைப்பட்டியைக் காண விரும்புவோர் வேறொரு விஷயத்தையும் அறிய வேண்டும். ஆல்ப்ஸ் மலையில் வழிநடையாளர் தடையின்றிச் செல்வது போல் இங்குச் செல்ல முடியாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்திற்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றம். வனத்துறையின் அனுமதி பெற்று, அவர்கள் குறிக்கும் வழியிலும் காலத்திலுமே செல்ல வேண்டும்.

மேய்ச்சற் பூமியும் சட்டமும்

1882ஆம் ஆண்டு மதராஸ் வனச்சட்டம் முதற்கொண்டே ஒதுக்குக் காடுகளில் மேய்ச்சல் அனுமதிக்கு உட்பட்டதாயிற்று. 2021ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், தேனி, விருதுநகர் முதலிய ஜில்லாக்களில் ஏறத்தாழ 1,016 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் சென்னை உயர்நீதிமன்றம் முதலில் மாநிலத்தின் காடுகள் அனைத்திலும் கால்நடை மேய்ச்சலைத் தடை செய்தது. பின்னர் அதே மாதத்தில், அத்தடை தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றிற்கு மாத்திரம் உரியதெனத் திருத்தியது. 2024ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் பர்கூரை அடுத்த காடுகள் தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயமாயின.

காட்டைக் காப்பதற்கும் நியாயம் உண்டு. மந்தை மிகுந்தால் இளங்கன்றுகள் மிதிபட்டழியும். மானுக்கும் காட்டெருதுக்கும் உரிய புல் குறையும். மாட்டுநோய் காட்டு விலங்கிற்கும் பரவும். மேய்ப்பர் மூட்டும் தீ சில சமயம் பரவுவதும் உண்டு. மற்றொருபுறம், 2006ஆம் ஆண்டு வனவுரிமைச் சட்டம் மூன்றாம் பிரிவில், நிலைத்த மேய்ச்சலும் இடம்பெயரும் மேய்ச்சலும் சமுதாய உரிமைகளாக எண்ணப்பட்டுள்ளன. அவ்வுரிமையைக் கோருவோர் கிராமசபையின் மூலமாகவே கோர வேண்டும். பழங்குடியினரல்லாத பிறர், 2005ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆந் தேதிக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டைச் சார்ந்து வாழ்ந்ததை நிரூபித்தல் வேண்டும். வருஷத்திற் பாதி ஊர்விட்டு ஊர் திரியும் கிடைக்காரர் பழைய மேய்ச்சற் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருப்பது இதனால் மிக முக்கியமாகிறது.

கிராம அதிகாரிகள் செய்யத்தக்கது

மலையின் வாயில் குறுகும்போது சமவெளியின் பொதுநிலத்தின் மதிப்பு உயர்கிறது. கிராமக் கணக்கில் மேய்ச்சற் புறம்போக்கு, மந்தைவெளிப் புறம்போக்கு, வண்டிப்பாதை எனப் பதிவான இடங்கள் நிலத்திலும் அவ்வாறே இருக்கின்றனவா என்பதைக் கிராம நிர்வாக அலுவலர் ஆண்டுதோறும் நேரிற்கண்டு பார்ப்பது முதற்காரியம். வேலியடைத்து வளைத்துக்கொண்டவரைத் தொடக்கத்திலேயே தடுப்பது எளிது; கட்டடம் எழும்பியபின் கடினம். கண்மாய் உட்பரப்பில் மண்டியுள்ள சீமைக்கருவேலை வேரோடு அகற்றினால் நீரும் தங்கும், புல்லும் முளைக்கும். கிடைகள் வரும் மாதத்தை முன்னறிந்து, கால்நடை மருந்தகத்திற்குச் சொல்லித் தடுப்பூசிக்கு ஏற்பாடு செய்தால், வந்த மந்தையால் ஊர்மாட்டிற்கும், ஊர்மாட்டால் மந்தைக்கும் நோய் பரவாது. பயிர் மேய்ச்சல் வழக்குகளில், இரு தரப்பாரையும் வயலிலேயே வைத்துச் சேதத்தை மதிப்பிட்டுத் தீர்ப்பது, மந்தையைப் பவுண்டில் அடைப்பதிலும் மேலானது.

குடியானவரின் பொறுப்பும் சிறிதன்று. டிராக்டர் வந்தபின் உழவுமாடு குறைந்தது. ஆழ்துளைக் கிணறு வந்தபின் வயல் வெறுமையாக இருக்கும் மாதம் குறைந்தது. மூட்டை உரம் வந்தபின் கிடைக்கு அழைப்புக் குறைந்தது. இம்மூன்றும் நன்மையே செய்தன என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஆண்டுக்கு ஆண்டு உரத்தின் அளவை ஏற்றியும் விளைவு ஏறாத வயல்களிற் பல மக்கின்மையாலும் அவ்வாறாயின. மூன்று ஆண்டுக்கொருமுறையேனும் ஒவ்வொரு வயலிலும் கிடை அடைப்பதென அண்டை நிலக்காரர் பத்துப்பேர் கூடித் தீர்மானித்து, மந்தைக்காரருக்குத் தொடர்ந்து ஒரு மாத இடமும் கூலியும் உறுதிசெய்தால், அவர் நெடுந்தூரம் அலைய வேண்டியிராது. கூலியும் குறைத்துப் பேசலாம்.

ஐக்கிய நாடுகள் சபை 2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பருக்கும் உரிய சர்வதேச ஆண்டாக அறிவித்தது. ஸ்விட்ஜர்லாந்து தேசத்தார் தம் மலைக்குடிலைக் காப்பது அழகிற்காக மாத்திரமன்று. அதனின்றும் உணவு வருவதனாலேயே. மதுரைச் சமவெளியின் கிடையும் அத்தகையதே. அறுவடை முடிந்த வயலில் மாலை வேளையில் மந்தை வந்து அடையுமாயின், அடுத்த போகத்தின் நெல்லில் ஒரு பங்கு அன்றிரவே வயலுக்கு வந்துவிட்டதெனக் கொள்ளலாம். அம்மந்தை வருவதற்குப் பாதையும், மேய்வதற்குப் புறம்போக்கும், அடைவதற்கு வயலும் இருக்கும்படி பார்த்துக்கொள்வது, நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் ஒருங்கே செய்ய வேண்டிய காரியமாகும்.